பேருந்தில் பிறந்த பெருந்தொழில்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் மத்தூர். மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த வேளாண்மை நாடு அது. அச்சாலையில் நாள்தோறும் எத்தனையோ வண்டிகள் விரைகின்றன. பாற்கேன்களைச் சுமந்து செல்லும் மொபெட்டுகள், மாங்காய்க் கூடைகளை ஏற்றிய லாரிகள், ஊழியர்களைத் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. இவ்வண்டிகளுள் பலவும் இவற்றின் உறுப்புகளுள் பலவும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலேயே உருவாகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, வண்டியின் திருகாணி முதற்கொண்டு கப்பலில் வந்து இறங்கிய நாடு இது. அந்நிலை எவ்வாறு மாறிற்று?

மோட்டார் வண்டி ஒன்று ஒரே தொழிற்சாலையில் முழுமையாக உருவாவதில்லை. அதன் உறுப்புகள் ஆயிரக்கணக்கானவை. சக்கரம் ஓரிடத்தில் உருவாகும். தடை பிறிதோரிடத்தில் உருவாகும். டயரும் மின்கருவிகளும் வேறு வேறு இடங்களிலிருந்து வரும். இவை யாவும் ஓரிடத்தில் கூடிய பின்னரே வண்டி முழுமை பெறும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. ஆதலின், உறுப்புகளைச் செய்யக் கல்லாத நாடு வண்டித் தொழிலில் தன் காலில் நிற்க இயலாது. இவ்வுண்மையைத் தன் பட்டறிவால் உணர்ந்து, படிப்படியாக வளர்ந்த தமிழ்நாட்டுத் தொழிற்குடும்பம் ஒன்று உண்டு. டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்துகளால் அது யாவராலும் அறியப்படுகிறது.

மதுரையில் தொடக்கம்

திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டில் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். அவர் முதலில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான ஊதியம் தரும் வேலையை விடுத்துச் சொந்தத் தொழிலில் இறங்குவதை அக்காலத்தார் அறிவுடைமையாகக் கருதவில்லை. எனினும், அவர் துணிந்தார். 1911ஆம் ஆண்டில் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்னும் நிறுவனத்தை நிறுவி, அடுத்த ஆண்டில் பேருந்து ஓட்டும் தொழிலைத் தொடங்கினார்.

அந்நாளில் சாலைகள் மாட்டு வண்டிகளுக்கு உரியனவாய் இருந்தன. மாடுகளின் லாடங்களிலிருந்து கழன்ற ஆணிகள் வழியெங்கும் சிதறிக் கிடந்து டயர்களைத் துளைத்தன. அவ்வாணிகளை அகற்றுவதற்காகக் காந்தம் பூட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டச் செய்தார் சுந்தரம் ஐயங்கார் என்று கூறுவர். அவருடைய பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு மக்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர் என்பதும் மதுரை வட்டாரத்தில் வழங்கும் செய்தி.

இச்செய்திகளில் ஒரு தொழில் நுட்பம் அடங்கியிருக்கிறது. பேருந்து குறித்த நேரத்தில் புறப்பட வேண்டுமாயின், ஓட்டுநர் காலந்தவறாமை உடையவராயிருந்தால் மட்டும் போதாது. வண்டி பழுதின்றி இருத்தல் வேண்டும். வண்டி பழுதின்றி இருக்க, நல்ல பட்டறையும் கைதேர்ந்த பணியாளரும் வேண்டும். பட்டறை தடையின்றி நடக்க, மாற்று உறுப்புகள் எப்பொழுதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும். நேரந்தவறாமை என்னும் ஒரு சொல்லைக் காக்கப் புகுந்தவர், பட்டறைக்காரராகவும் உதிரிப் பாக வணிகராகவும் ஆக நேர்ந்தது. பேருந்துகளுக்குச் சதர்ன் ரோட்வேஸ், உதிரிப் பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், வண்டி விற்பனைக்குச் சுந்தரம் மோட்டார்ஸ் என நிறுவனங்கள் கிளைத்தன. அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகள் சுந்தரம் மோட்டார்ஸ் வாயிலாகத் தென்னாட்டில் விற்கப்பட்டன.

போர் கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப் போர் இத்தொழிலுக்குப் பெருஞ்சோதனையாக வந்தது. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் மலேயாவையும் பர்மாவையும் கைப்பற்றினர். மலேயா உலகுக்கு ரப்பர் அளித்த நாடு. பர்மா இந்தியாவுக்கு எண்ணெய் அளித்த நாடு. இரண்டும் ஒரே ஆண்டில் கைவிட்டுப் போயின. கிடைத்த சிறிதளவு பெட்ரோலும் டயரும் படைகளுக்கே முதலில் சென்றன. பேருந்துகள் நின்றுவிடும் நிலை தோன்றிற்று.

அப்பொழுது சுந்தரம் ஐயங்கார் இரண்டு வழிகளைக் கண்டார். முதலாவது, மரக்கரியால் பேருந்தை ஓட்டும் வழி. கரியைப் போதிய காற்றில் எரித்தால் அது முழுவதும் எரிந்து, மேலும் எரியாத கரியமில வாயுவாகிவிடும். காற்றைக் குறைத்து எரித்தாலோ, இன்னும் எரியும் இயல்புடைய கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகும். அவ்வாயுவைக் குளிர்வித்து, தூசி நீக்கி, எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோலுக்கு மாற்றாக அது எரிந்து வண்டியை ஓட்டும். இம்முறையில் இயங்கும் டி.வி.எஸ். கரிவாயுக் கலங்கள் பேருந்துகளில் பொருத்தப்பட்டன. மேடு ஏறும்போது வண்டி திணறும், வலிமையும் குறைவு. ஆயினும், வண்டி நிற்கவில்லை. முதியோர் பலர் ‘கரி பஸ்’ என்று நினைவுகூர்ந்தவை இத்தகைய வண்டிகளே.

இரண்டாவது, தேய்ந்த டயருக்குப் புத்துயிர் அளிக்கும் வழி. டயர் தேய்ந்துவிட்டது என்று கூறும்போது உண்மையில் தேய்வது அதன் புறத்தோல் மட்டுமே. நூலிழைகளும் ரப்பரும் சேர்ந்த உட்பகுதி பெரும்பாலும் வலுவோடு இருக்கும். தேய்ந்த மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, அதன்மேல் புதிய ரப்பரைப் போர்த்தி, அச்சில் வைத்துச் சூடேற்றினால் இரண்டும் ஒன்றாக இணைந்துவிடும். இதனை ரீட்ரெடிங் என்பர். புது டயரின் விலையில் ஒரு பகுதியே இதற்குச் செலவாகும். போர்க்காலத்தில் மதுரையில் தொடங்கப்பட்ட இவ்வேலை, சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ரப்பர்த் தொழிலாக நிலைபெற்றது. டயரை விலைக்கு வாங்கி வந்தவர், ரப்பரின் இயல்பை அறிந்து அதனைக் கையாளும் தொழிலாளரை உருவாக்கினார். பற்றாக்குறை அவருக்கு ஆசிரியராக அமைந்தது எனலாம்.

பாடியில் எழுந்த ஆலைகள்

நாடு விடுதலை பெற்ற பின்னர் இந்திய அரசு புதிய கொள்கை ஒன்றை வகுத்தது. வெளிநாட்டு உறுப்புகளைக் கொணர்ந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது. வண்டியை இந்நாட்டிலேயே செய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கு உடன்படாத ஜெனரல் மோட்டார்ஸ் 1954ஆம் ஆண்டில் தன் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிற்று. அதன் வண்டிகளை விற்று வளர்ந்த மதுரை நிறுவனத்துக்கு இது பேரிழப்பாகும். மறு ஆண்டில், 1955இல், சுந்தரம் ஐயங்கார் காலமானார்.

எனினும், அவருடைய புதல்வர்கள் இழப்பிலேயே வாய்ப்பைக் கண்டனர். வண்டிகள் இந்தியாவில் உருவாக வேண்டுமாயின், உறுப்புகளும் இந்தியாவில் உருவாக வேண்டும் அன்றோ! எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வண்டிகளைச் செய்யத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கு உறுப்புகள் தேவைப்பட்டன. சென்னைக்கு மேற்கேயுள்ள பாடியில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சக்கரம் செய்ய வீல்ஸ் இந்தியா 1960இலும், மின்கருவிகள் செய்ய லூகாஸ் டி.வி.எஸ். 1961இலும் தோன்றின. தடைகள் செய்யப் பிரேக்ஸ் இந்தியாவும், ஏர் பிரேக் செய்யச் சுந்தரம் கிளேட்டனும், திருகாணிகள் செய்யச் சுந்தரம் ஃபாஸ்னர்ஸும் 1962இல் நிறுவப்பட்டன. இவற்றுள் பல ஆலைகளுக்குத் தொழில்நுட்ப அறிவு பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டுறவால் கிடைத்தது.

ஓர் உறுப்பின் அருமையை ஏர் பிரேக்கைக் கொண்டு உணரலாம். சுமையேற்றிய லாரியை மனிதக் காலின் வலிமையால் மட்டும் நிறுத்துதல் அரிது. ஆதலின், எஞ்சின் ஓடும்போதே ஒரு சிறு கருவி காற்றை அழுத்திக் கலத்தில் நிரப்பி வைக்கிறது. ஓட்டுநர் மிதிகட்டையை மிதித்தவுடன் அடைப்பு திறக்கிறது. அழுத்தப்பட்ட காற்று குழாய் வழியே பாய்ந்து, சக்கரத்தின் அருகேயுள்ள தடைக்கட்டைகளைத் தள்ளுகிறது. கால் கட்டளையிட, காற்று அதனை நிறைவேற்றுகிறது. மலைப்பாதையில் இறங்கும் பேருந்தில் ஐம்பது உயிர்கள் இருக்குமாயின், அவ்வைம்பதும் அந்த அடைப்பின் செம்மையை நம்பியே இருக்கின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நன்றாயிருந்தால் போதும் என்று இத்தொழிலில் கூற இயலாது.

1972ஆம் ஆண்டில் இக்குடும்பத்தின் முதல் தொழிலே கைமாறிற்று. தமிழக அரசு பேருந்துகளை நாட்டுடைமையாக்கியபோது, மதுரையின் டி.வி.எஸ். பேருந்துகள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் வசமாயின. அறுபது ஆண்டுகள் ஓடிய பேருந்துத் தொழில் அத்துடன் முடிவுற்றது. அதனையே நம்பியிருந்தால் நிறுவனம் சாய்ந்திருக்கும். ஆலமரம் முதுமையடையுமுன் விழுதுகளை நிலத்தில் ஊன்றிவிடுவது போல, அது முன்னரே உறுப்புத் தொழிலில் வேரூன்றியிருந்தது.

ஓசூருக்கு வந்த தொழில்

1971ஆம் ஆண்டில் தமிழக அரசு சிப்காட் என்னும் தொழில் மேம்பாட்டு நிறுவனத்தை ஏற்படுத்திற்று. தொழிலில் பின்தங்கிய பகுதிகளில் நிலமும் நீரும் மின்சாரமும் சாலையும் அமைத்துக் கொடுத்து ஆலைகளை வரவழைப்பது அதன் நோக்கம். அது தேர்ந்த ஊர்களுள் ஓசூரும் ஒன்று. அந்நாளில் ஓசூர் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். மழையை நம்பிக் கேழ்வரகு விளைக்கும் மேட்டுநிலம். எனினும், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் அதன் தட்பவெப்பம் இனியது. நாற்பது கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு இருக்கிறது. சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் ஊர் வழியே ஓடுகிறது.

இங்கே சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் மொபெட் தொழிற்சாலையை அமைத்தது. 1980ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் வண்டி வெளிவந்தது. ஐம்பது சி.சி. எஞ்சின் உடைய அச்சிறு வண்டியில் இருவர் அமர்ந்து செல்லலாம். விலை குறைவு, பெட்ரோலும் குறைவாகவே செலவாகும். பால்காரர், துணி வணிகர், காய்கறி விற்போர், ஊர் ஊராகச் செல்லும் தொழிலாளர் ஆகியோருக்கு அது உற்ற துணையாயிற்று. உறுப்பு செய்து பழகிய கைகள் முழு வண்டியையும் செய்துவிட்டன.

அதே 1980ஆம் ஆண்டில் அசோக் லேலண்டும் ஓசூரில் தொழிற்சாலை தொடங்கிற்று. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் தோன்றின. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனமும் ஓசூரில் ஆலை அமைத்தது. அங்கே உலோகத் தூளை அச்சில் அழுத்தி, உருகிவிடாத அளவுக்குச் சூடேற்றி இறுகச் செய்யும் முறையில் நுண்ணிய உறுப்புகள் செய்யப்படுகின்றன. உருக்கி வார்த்துப் பின்னர்ச் செதுக்கும் முறையைவிட இதில் வீணாகும் உலோகம் குறைவு.

டயரின் கதை

வண்டி பெருகப் பெருக, டயரின் தேவையும் பெருகிற்று. 1982ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஸ்ரீசக்ரா டயர்ஸ், மதுரைக்கு அருகேயுள்ள வெள்ளரிப்பட்டியில் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு உரிய டயர்களைச் செய்யலாயிற்று. போர்க்காலத்தில் பழைய டயருக்குத் தோல் போர்த்திய ஊரில் புதிய டயர் பிறந்தது.

ரப்பர் மரத்தின் பாலிலிருந்து பெறும் ரப்பர், வெயிலில் ஒட்டும்; குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் இக்குறைகள் நீங்கி உறுதி பெறும் என்பதை 1839இல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். காற்றடைத்த டயரை 1888இல் அயர்லாந்தில் ஜான் டன்லப் பயன்படத்தக்கதாக்கினார். இன்றைய டயர் இவ்விரு கண்டுபிடிப்புகளின் மேல் நிற்கிறது.

முதலில் ரப்பரோடு கந்தகம், எண்ணெய், நுண்ணிய புகைக்கரி ஆகியவற்றைப் பிசைவர். டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் இப்புகைக்கரியே. தேய்மானத்தைத் தாங்கும் வலிமையை அளிப்பதும் அதுவே. பின்னர் நைலான் இழைகளின்மேல் ரப்பரைப் பூசி, உருளையில் அடுக்கடுக்காகச் சுற்றுவர். சக்கரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்க இருபுறமும் எஃகுக் கம்பி வளையங்களை வைப்பர். அதன்மேல் புறத்தோலைப் போர்த்துவர். இந்நிலையில் உள்ளதைத் தொழிலாளர் ‘பச்சை டயர்’ என்பர். நிறத்தால் அன்று, இன்னும் வேகாமையால் வந்த பெயர் அது. அதனை அச்சில் வைத்து அழுத்திச் சூடேற்றும்போதுதான் அது இறுகி, வரிப்பள்ளங்களைப் பெற்று, டயராகிறது.

வரிப்பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. மழைக்காலத்தில் சாலைக்கும் டயருக்கும் இடையே உள்ள நீர் அப்பள்ளங்களின் வழியே வெளியேறுகிறது. அவை தேய்ந்தால் டயர் நீரின்மேல் வழுக்கும். கார் டயர் தட்டையாக இருக்க, இருசக்கர வண்டியின் டயர் வளைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. வளைவில் திரும்பும்போது இருசக்கர வண்டி ஒருபுறம் சாய்கிறது. அச்சாய்விலும் தரையைப் பற்றிக்கொள்ள அவ்வளைவு உதவுகிறது. தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவே ஆயினும், ஏறிச் செல்வோரின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது.

தரமும் தன்னம்பிக்கையும்

1980களில் இக்குழுமம் ஜப்பானிய நிறுவனமாகிய சுசுகியோடு கூட்டுச் சேர்ந்து, ஓசூரில் 100 சி.சி. மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. 2001ஆம் ஆண்டில் அக்கூட்டு முடிவுற்றது. இரவல் அறிவின் துணையின்றி ஓசூர்ப் பொறியாளர் ஒரு மோட்டார் சைக்கிளை உருவாக்க வல்லரா என்னும் வினா எழுந்தது. அதே ஆண்டில் அவர்கள் தாமே வடிவமைத்த விக்டர் என்னும் வண்டி வெளிவந்து, அவ்வினாவுக்கு விடையாயிற்று.

இவ்வெற்றிக்குப் பின்னணியாக நெடுநாள் பயிற்சி இருந்தது. 1950ஆம் ஆண்டில் எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்க அறிஞர் ஜப்பானியருக்கு ஒரு நெறியைக் கற்பித்தார். செய்து முடித்த பொருளைச் சோதித்துக் குறையுள்ளதைக் கழிப்பது வீண். செய்யும் ஒவ்வொரு படியிலும் குறை தோன்றாதவாறு காப்பதே முறை என்பது அந்நெறி. அவர் பெயரால் ஜப்பான் வழங்கும் பரிசை இந்திய நிறுவனங்களுள் முதலாவதாக 1998இல் சுந்தரம் கிளேட்டன் பெற்றது. 2002இல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டாரும் அப்பரிசைப் பெற்றது. 1990களில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளை அனுப்பத் தொடங்கிற்று. ஒரு காலத்தில் எவருடைய வண்டிகளை வாங்கி விற்றனரோ, அவரே இங்கிருந்து உறுப்புகளை வாங்குவோராயினர்! 2020ஆம் ஆண்டில் பிரிட்டனின் பழம்பெரும் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தையும் டி.வி.எஸ். மோட்டார் விலைக்கு வாங்கிற்று.

வளர்ச்சியின் நிழல்

வளர்ச்சிக்கு விலையும் உண்டு. 2019இல் மாநகராட்சியாக உயர்ந்த ஓசூரில், நீருக்கும் குடியிருப்புக்கும் நெருக்கடி பெருகியுள்ளது. மானாவாரி நிலங்கள் ஆலைகளாகின்றன. எரித்தால் நஞ்சுப் புகை கக்கும் பழைய டயர்களை ஊறின்றிக் கையாளும் பொறுப்பும் தொழிலைச் சேர்ந்ததே. குடும்பத்துள்ளும் மாறுதல் நேர்ந்தது. சுந்தரம் ஐயங்காரின் வழிவந்தோர் 2022ஆம் ஆண்டில் தத்தம் நிறுவனங்களின் உரிமையைப் பிரித்துக்கொண்டனர்.

இப்பொழுது மற்றொரு பெருமாற்றம் வந்துள்ளது. 2020இல் டி.வி.எஸ். ஐகியூப் என்னும் மின்சார ஸ்கூட்டர் வெளிவந்தது. மத்தூர் அமைந்துள்ள போச்சம்பள்ளி வட்டத்திலேயே 2021இல் ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் ஆலை திறக்கப்பட்டது. மின்சார வண்டியில் பிஸ்டன் இல்லை; ஸ்பார்க் பிளக் இல்லை; புகைக்குழாயும் இல்லை. இவற்றையே செய்து வாழும் சிறு பட்டறைகள் நாளை என் செய்யும்? ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு இவ்வினாவோடு பிணைந்துள்ளது. ஆயினும், எவ்வகை வண்டிக்கும் சக்கரம் வேண்டும், டயர் வேண்டும், தடை வேண்டும். பெட்ரோல் இல்லாத நாளில் கரியால் ஓட்டியதும், புது டயர் இல்லாத நாளில் பழையதைப் புதுக்கியதும் இத்தொழிலின் வரலாறே. அன்று வழிகாட்டியது பழைய வேலையை விடாமல் பற்றிக்கொண்ட பிடிவாதம் அன்று. தேவையை உணர்ந்து புதிய வேலையைக் கற்ற ஊக்கமே ஆகும்.

பேருந்து குறித்த நேரத்தில் வருதல் வேண்டும் என்னும் எளிய கடமையிலிருந்து பட்டறை பிறந்தது. பட்டறையிலிருந்து உறுப்பும், உறுப்பிலிருந்து வண்டியும் பிறந்தன. ஒவ்வொரு படியிலும் முதலீட்டைவிட முதன்மையாக நின்றது மக்களின் நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியாத சிறு திருகாணியையும் செவ்வனே செய்பவரே அந்நம்பிக்கையைக் காப்பவர். ஓசூரிலும் மத்தூரிலும் நாளை தொழில் புரியப்போகும் இளைஞருக்கு இவ்வரலாறு விட்டுச்செல்லும் செல்வம் இதுவே.